பாலாற்றங்கரையில் நாற்பத்தொரு நாட்கள்

யாத்திரை என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் தோன்றுவன திருத்தலங்களே. சிதம்பரத்தையும் இராமேசுவரத்தையும் ஒரு முறையேனும் தரிசித்து வரவேண்டுமென்று ஆயுள் முழுவதும் ஆசைப்பட்டிருந்த மூதாட்டிகள் எங்கள் ஊரிலே பலர் இருந்தனர். இக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழகத்துக்குப் பயணமாவோருள் ஒரு சாரார், வைத்திய அறிக்கைகள் நிரம்பிய பெரிய உறையொன்றைக் கையிலே காவிச் செல்கின்றனர். சென்ற பங்குனித் திங்களில் நானும் என் கணவரும் அவ்வாறே வேலூருக்குப் புறப்பட்டோம். பத்து நாட்களில் மீளலாம் என்று எண்ணிச் சென்ற நாம் நாற்பத்தொரு நாட்கள் அங்குத் தங்க நேர்ந்தது. அந்நகரிலே கண்டவற்றையும், காத்திருந்த காலத்தில் நாம் இருவரும் கற்றுக்கொண்டவற்றையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளலாமென எண்ணுகிறேன்.

என் கணவர் நில அளவையாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவருக்குப் புரோஸ்டேட் சுரப்பியிலே புற்றுநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. சிறுநீர்ப்பையின் கீழ் அமைந்து, சிறுநீர் செல்லும் வழியைச் சூழ்ந்திருப்பது அச்சுரப்பி. நோய் புலப்பட்டபோதே அது இடுப்பெலும்புக்கும் முள்ளந்தண்டுக்கும் பரவியிருந்தது. இந்நோய் ஆண்மைச் சுரப்புநீரை உணவாகக் கொண்டு வளர்வது என்பதைச் சாள்ஸ் ஹகின்ஸ் என்னும் அறிஞர் 1941இல் நிறுவி, அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். அச்சுரப்பைத் தடுக்கும் ஊசிகளாலே என் கணவரும் இரண்டு ஆண்டுகள் நலமாயிருந்தார். பின்னர் நோய் அவ்வூசிக்கு அடங்க மறுத்தது. இரசாயன மருந்தும் ஏற்றப்பட்டது. அதன் பயனும் சில மாதங்களே நீடித்தது. அந்நிலையிலேதான் எங்கள் வைத்திய நிபுணர், லூற்றீசியம் என்னும் கதிர்வீசும் பொருளைக்கொண்டு செய்யப்படும் புதிய சிகிச்சையைப் பற்றிக் கூறி, வேலூரிலே விசாரிக்குமாறு பணித்தார்.

காட்பாடிச் சந்தி

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்திற் செல்ல ஒரு மணி நேரமும் சிறிது கூடுதலும் ஆகும். நம் பிள்ளைகள் கொழும்புக்குச் செல்லும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சென்னையில் ஓரிரவு தங்கி, மறுநாட்காலை மத்திய நிலையத்திலே புகையிரதம் ஏறினோம். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திலே காட்பாடிச் சந்தி வந்தது. வேலூருக்குச் செல்வோர் இறங்க வேண்டிய நிலையம் அதுவே. எம்முடன் இறங்கியவர்களின் கைகளிலும் எங்களுடையதைப் போன்ற பெரிய உறைகள் இருந்தன. சக்கர நாற்காலிகள் வரிசையாகக் காத்துநின்றன. என் கணவர் அவற்றைப் பார்த்தும் பாராதவர்போல நடக்கலானார்.

காட்பாடிக்கும் வேலூருக்கும் இடையே பாலாறு கிடக்கிறது. "கிடக்கிறது" என்ற சொல்லை அறிந்தே எழுதினேன். பாலத்தின் மேலிருந்து நோக்குவோருக்கு ஆண்டின் பெரும்பகுதியில் மணலும் முட்புதரும் அன்றி வேறொன்றும் தென்படா. 2021ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்திலே இதே ஆறு இரு கரையும் முட்டப் பெருகி ஓடியதென ஆட்டோ ஓட்டிய தம்பி கூறினார். மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சுவாமியில்லாக் கோயில் என்று வேலூரைக் கேலியாகச் சொல்வது அவ்வூரவர் வழக்கமாம். அதனையும் அத்தம்பியே எமக்குச் சொன்னார்.

ஒரு கட்டிலில் தொடங்கிய வைத்தியசாலை

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலையைச் சுற்றியே அந்நகரின் நடுப்பகுதி இயங்குகிறது. காந்தி வீதியிலும் அதன் கிளைத் தெருக்களிலும் விடுதிகள் நெருங்கி நிற்கின்றன. தமிழுக்கு அருகே வங்காள எழுத்திலும் இந்தி எழுத்திலும் பெயர்ப்பலகைகள். மேற்கு வங்கம், சார்க்கண்டு, அசாம், வங்காளதேசம் எனப் பற்பல இடங்களிலிருந்தும் நோயாளர் வருவதால், மீன்குழம்பும் சோறும் வங்காள முறையிலே சமைத்துக் கொடுக்கும் கடைகள் தெருவுக்கு இரண்டு மூன்று உண்டு. நாட்கணக்கில் தங்குவோர் தாமே சமைத்துக்கொள்வதற்கு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன.

இந்த வைத்தியசாலையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு தொடர்புண்டு. அவருடைய பாட்டனார் ஜோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க வைத்தியர், 1820ஆம் ஆண்டு முதலாகப் பண்டத்தரிப்பிலே மருத்துவப் பணி புரிந்து, 1836இல் சென்னைக்குச் சென்றவர். பேர்த்தியாராகிய ஐடா 1900ஆம் ஆண்டில் வேலூரிலே ஒரேயொரு கட்டிலுடன் தொடங்கிய சிறு மருத்துவ நிலையமே இன்று இத்துணைப் பெரிதாய் வளர்ந்திருக்கிறது.

அம்மையார் வைத்தியரான வரலாறும் அறியத்தக்கது. அவர் இளம் பெண்ணாகத் திண்டிவனத்திலே தந்தையாருடன் இருந்த காலத்தில், ஓர் இரவு, பிரசவ வேதனையில் வருந்தும் தம் மனைவியரைக் காக்க வருமாறு மூவர் ஒருவர் பின் ஒருவராக வந்து அழைத்தனர். ஐடா வைத்தியரல்லர், வைத்தியரான தந்தையாரோ ஆண்மகன். ஆடவர் ஒருவர் தம் மனைவியரைத் தொட மூவரும் இசைந்திலர். பொழுது விடியுமுன் மூன்று பெண்களும் இறந்தனர். அந்நிகழ்ச்சியே அவரை வைத்தியம் கற்கத் தூண்டியது.

இவ்வரலாற்றை விடுதி அறையிலே என் கணவருக்கு எடுத்துரைத்தேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு, "வெக்கத்தாலை செத்தது அந்தப் பெண்டுகள் மட்டுமில்லை" என்றார். இரவில் நாலைந்து முறை எழ நேர்ந்ததையும், சிறுநீர் தடைப்பட்டதையும் இரண்டு ஆண்டுகளாக அவர் எவருக்கும் சொன்னாரில்லை. வயதானால் இப்படித்தான் என்று தமக்குத் தாமே ஆறுதல் கூறியிருக்கிறார். அத்தகைய குறிகள் பெரும்பாலும் வேறு காரணங்களாலும் வருவன. புற்றுநோயோ தொடக்கத்தில் எக்குறியும் காட்டாமலும் வளரும். அவர் அன்றே சென்றிருந்தாலும் முடிவு வேறாயிருக்குமோ என்பதை எவரும் சொல்லவியலாது. ஆயினும் அந்த இரண்டு ஆண்டுகள் அவர் மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கின்றன.

நான்கும் ஏழும்

முதல் வாரம் பரிசோதனைகளிலே கழிந்தது. நோயுற்ற கலங்களின் மேற்புறத்திலே ஒருவகைப் புரதம் மிகுதியாக இருக்கும். அதனைத் தேடிப் பற்றும் மருந்துடன் கலியம் என்னும் கதிர்வீசும் பொருளை இணைத்து உடலிற் செலுத்திப் படம் எடுப்பர். நோயுள்ள இடமெல்லாம் படத்திலே ஒளிரும். அப்படி ஒளிர்ந்தாற்றான் சிகிச்சை பொருந்தும். என் கணவரின் படத்திலே முள்ளந்தண்டும் இடுப்பும் விலாவும் தீபாவளி இரவுபோல ஒளிர்ந்தன. சிகிச்சைக்கு ஏற்றது என்று வைத்தியர் சொன்னபோது, மகிழ்வதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றே மற்றொன்றும் நிகழ்ந்தது. வைத்தியர் ஓர் இளம் பெண்மணி. "வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும், ஐயா?" என்று வினவினார். நான் முந்திக்கொண்டு, "நாலு" என்றேன். மூன்று ஆண்டுகளாக எந்த வைத்தியர் எதனைக் கேட்பினும் விடை சொல்பவள் நானே. மருந்தின் பெயர், ஊசி போட்ட திகதி, இரத்தப் பரிசோதனையின் எண் யாவும் என் நாவிலே இருக்கும். வைத்தியர் புன்னகையுடன், "ஐயாவே சொல்லட்டும், அம்மா" என்றார். என் கணவர் என்னைப் பாராமல், மேசையை நோக்கியவாறு, "ஏழு" என்றார்.

வெளியே வந்தபின் நடைபாதையிலே இருந்த வாங்கொன்றில் அமர்ந்தோம்.

"எனக்கு ஏன் நாலெண்டு சொன்னனீங்கள்?"

"ஏழெண்டு சொன்னால் நீர் இரவு நித்திரை கொள்ள மாட்டீர்."

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழவில்லை. ஏனெனில் இரத்தத்தின் கடைசி எண்ணை நானும் அவருக்குக் குறைத்தே சொல்லியிருந்தேன். அதனையும் அவ்விடத்திலேயே ஒப்புக்கொண்டேன். ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி, ஒரே அறையிலே இரண்டு பொய்களுடன் குடியிருந்திருக்கிறோம்.

அன்றைய உண்மையாற் கிடைத்த பயன் உடனே தெரிந்தது. வைத்தியர் வலிமருந்தை மாற்றி, மோர்பின் கொடுத்தார். மோர்பின் என்றால் முடிவு நெருங்கிவிட்டது என்றே நம்மவர் அஞ்சுவர், நானும் அஞ்சினேன். தக்க அளவில் கொடுத்தால் அது நோயாளி நடமாடவும் உறங்கவும் துணைசெய்யும் மருந்தே என்றும், மலச்சிக்கல் வராதிருக்க வேறொரு மருந்தையும் சேர்த்து எடுக்கவேண்டும் என்றும் அவர் விளக்கினார். கால்கள் திடீரெனச் சோர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ விடியும்வரை பார்த்திராது உடனே வருமாறும் எச்சரித்தார். நோய் முள்ளந்தண்டு நரம்பை நெருக்குவதன் அறிகுறி அது. சில மணி நேரத் தாமதமும் நடையைப் பறித்துவிடும்.

அன்றிரவு என் கணவர் தம் பழைய அளவைக் குறிப்பேடு போன்ற சிறு கொப்பி ஒன்றை வாங்கிவந்து இரண்டு கோடுகள் இழுத்தார். ஒரு நிரலிலே அவருடைய வலியின் எண். மற்றையது எனக்கு. "எனக்கென்ன வலி?" என்றேன். "களைப்பு, பயம், ரெண்டையும் சேர்த்துப் போடும்" என்றார். ஒவ்வோர் இரவும் விளக்கணைக்குமுன் இருவரும் உண்மையான எண்ணைச் சொல்வது என்று உடன்பட்டோம்.

காத்திருப்பு

சிகிச்சைக்கு நாள் குறிக்க இயலவில்லை. அவர் இரத்தத்தில் ஈமோகுளோபின் குறைந்திருந்தது. இரத்தம் ஏற்றினர், பத்து நாட்கள் கழித்து மீண்டும் பார்ப்பதாகக் கூறினர். அதன்பின் மருந்து வருவதில் ஒரு வாரம் பிந்தியது. லூற்றீசியம் 177 என்னும் அப்பொருளைக் கடையிலே அடுக்கிவைத்து விற்க முடியாது. அணு உலையிலே செய்யப்படுவது அது. மும்பைக்கு அண்மையிலே துரோம்பேயிலுள்ள துருவா உலை அதனை ஆக்கும் உலைகளுள் ஒன்று. ஆறரை நாட்களுக்குச் சற்றுக் கூடிய காலத்திலே அதன் கதிர்வீசும் ஆற்றல் பாதியாகிவிடும். ஆகையாற் குறித்த நோயாளருக்குக் குறித்த நாளுக்கென வரவழைத்தே செலுத்துவர். அது நோயுற்ற கலத்தைப் பற்றிக்கொண்டு, இரண்டு மில்லிமீற்றருக்கு உட்பட்ட தூரத்துக்கே தன் முக்கிய கதிரைச் செலுத்தி அழிக்க முயலும். ஆறு வார இடைவெளியில் ஆறு முறைவரை கொடுப்பதுண்டு.

இது நோயை முற்றாக மாற்றும் மருந்தன்று. 831 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளிவந்த ஆராய்ச்சியிலே, வழக்கமான பராமரிப்பை மட்டும் பெற்றோரின் நடுத்தர வாழ்நாள் 11.3 மாதமாகவும், இதனையும் சேர்த்துப் பெற்றோரது 15.3 மாதமாகவும் இருந்தன. அடுத்த ஆண்டிலே அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது. இவ்விரண்டு எண்களையும் முன்னாளிலாயின் நான் மறைத்திருப்பேன். இப்போது கொப்பியின் ஒரு மூலையிலே அவரே குறித்துக்கொண்டார். "நாலு மாதம் எண்டால் ஒரு பாடசாலைத் தவணைக்குக் கூட" என்றார். எங்கள் மகள் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுதுகிறாள். அவர் எதனைக் கணக்கிடுகிறார் என்பது எனக்கு விளங்கிற்று.

ஒருநாள் தொலைபேசியிலே மகள், "அப்பா, எப்ப வாறியள்?" என்று கேட்டாள். அன்று மாலை ஊருக்கே திரும்பிவிடுவோமா என்று அவர் யோசித்தார். பணமும் கரைந்துகொண்டிருந்தது. இருந்து பாருங்கள் என்று வற்புறுத்த என் நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டு, "நீங்கள் என்ன விரும்புறியள்?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் யோசித்து, "இரத்தம் சரிவந்தால் இருப்பம், வராட்டில் போவம்" என்றார். முடிவு அவருடையதாயிருந்தமையால், அதன்பின் காத்திருப்பது இருவருக்கும் இலகுவாயிற்று.

கோட்டையும் கோயிலும்

மாலையில் வெயில் தணிந்தபின் கோட்டை அகழியோரம் நடந்தோம். பங்குனி வெயிலுடன், சுரப்பைத் தடுக்கும் ஊசியால் உடலினுள் எழும் வெப்பமும் சேர்ந்து அவரை வாட்டும். அகழியோரக் காற்று அதற்கு மருந்தாயிருந்தது. விசயநகர மன்னர் காலத்திலே, பதினாறாம் நூற்றாண்டிலே, கருங்கல்லாற் கட்டப்பட்ட கோட்டை அது. 1806ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த இடமும் அதுவே. என் கணவர் அளவையாளராதலின் தம் காலடிகளை எண்ணி நடப்பார். முதல் நாள் நூற்றைம்பது அடி வைத்ததும் அமர்ந்துவிட்டார். வலிமருந்து மாறி, இரத்தமும் ஏற்றியபின் நானூறு அடிவரை நடந்தார்.

கோட்டைக்குள் உள்ள சலகண்டேசுவரர் கோயிலிலே கலியாண மண்டபத்துத் தூண்கள் சிற்பக்கலையின் சிகரம் எனலாம். படையெடுப்புக்களாலே மூலவர் அகற்றப்பட்டு, நூற்றாண்டுக் கணக்காகச் சுவாமியின்றிக் கிடந்த கோயில் அது. வேலூருக்கு அண்மையிலுள்ள சத்துவாச்சாரியில் வைத்துக் காக்கப்பட்ட இலிங்கம் 1981ஆம் ஆண்டிலே மீண்டும் கொண்டுவந்து எழுந்தருளச் செய்யப்பட்டது. ஆட்டோத் தம்பி சொன்ன கேலிமொழியில் ஒன்று இப்போது பொய்த்துவிட்டது. தீபாராதனை வேளையில் நான் கண்ணீருடன் நின்றேன். என் கணவர் தூண்களுக்கிடையே உள்ள தூரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

கோட்டையிலிருந்து சிறிது தொலைவிலே, பாலாற்றங்கரையில், கண்டியின் கடைசி அரசன் சிறீ விக்கிரமராசசிங்கனின் சமாதி இருக்கிறது. தமிழக அரசு அங்கு எழுப்பிய முத்துமண்டபம் 1990இல் திறக்கப்பட்டது. நான் வரலாறு கற்பிப்பவள். 1815ஆம் ஆண்டு உடன்படிக்கையுடன் வகுப்பிலே அவன் கதையை முடித்துவிடுவது என் வழக்கம். ஆனால் 1816இல் வேலூருக்குக் கொண்டுவரப்பட்ட அவன், 1832ஆம் ஆண்டு தை மாதத்தில் இறக்கும்வரை பதினாறு ஆண்டுகள் இங்கே குடும்பத்துடன் வாழ்ந்தான். என் கணவர் கல்வெட்டை வாசித்துவிட்டுக் கேட்டார்:

"பதினாறு வருசம். உம்மடை புத்தகத்திலை அது இல்லையோ?"

"இல்லை."

"பிள்ளையளுக்கு அதையும் சொல்லும். எல்லாம் முடிஞ்சுது எண்ட பிறகும் மனிசன் தினமும் எழும்பிச் சாப்பிட்டுத்தானே இருந்திருப்பான்."

சித்திரை வருடப்பிறப்பு

வருடப்பிறப்பை விடுதியிலேயே கொண்டாடினோம். அறையின் சிறிய அடுப்பிலே சருக்கரைப் பொங்கல் பொங்கினேன். வேலூருக்கு அருகே இலவம்பாடியில் விளையும் முட்கத்தரி பெயர்பெற்றது. அதனை வாங்கி, ஊரிலிருந்து கொண்டுசென்ற மிளகாய்த்தூளிலே பாற்கறி வைத்தேன். அடுத்த அறையிலே வங்கத்துத் தம்பதியர் இருந்தனர். அவர்களுக்கு மறுநாள் வருடப்பிறப்பு. அந்த அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வங்கமொழி தெரியாது. பொங்கலைக் கொடுத்தேன், மறுநாள் இனிப்புத் தயிர் வந்தது.

அவருடைய கணவருக்கும் இதே நோய். அதே மருந்தை மூன்று முறை பெற்றவர். வாய் உலர்ந்து போகும், தண்ணீர் ஓயாது குடிக்கவேண்டும் என்பனவற்றையெல்லாம் கைச்சாடையாலே அம்மையார் எமக்குக் கற்பித்தார். அடுத்த வாரம் அவர்களுடைய அறைக் கதவு திறந்திருந்தது, பெட்டிகள் கட்டப்பட்டிருந்தன. மருந்து இனிப் பயன்தராது என வைத்தியர் கூறிவிட்டனராம். அம்மையார் என் இரு கைகளையும் பற்றி ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் விளங்கவில்லை, யாவும் விளங்கின. அன்றிரவு எங்கள் கொப்பியிலே என் நிரலில் பத்து என்று எழுதினேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கொப்பியை மூடிவைத்து, விளக்கை அணைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தார்.

மருந்து வந்த நாள்

முப்பத்தாறாம் நாள் மருந்து வந்தது. நரம்பு வழியாகச் செலுத்தச் சில நிமிடங்களே ஆயின. அதற்காகவா இத்தனை நாட்கள் என்று தோன்றிற்று. கதிர்வீச்சுக் காரணமாக அன்றிரவு அவர் தனியறையிலே இருக்கவேண்டும். நான் விடுதிக்குத் திரும்பினேன். மூன்று ஆண்டுகளிலே அவரைப் பிரிந்து நான் தூங்கச் சென்ற முதல் இரவு அது. பத்து மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

"இண்டைக்கு நாலு. இது உண்மையான நாலு. உமக்கு?"

"எட்டு" என்றேன்.

"சரி, எழுதி வையும்" என்றார்.

மேலும் சில நாட்கள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நெருங்காதிருக்குமாறும், நிறைய நீர் அருந்துமாறும் பணித்தனர். விமான நிலையத்துக் கருவிகள் கதிர்வீச்சை உணர்ந்து ஒலிக்கக்கூடுமாதலின், அதற்கெனக் கடிதமொன்றும் தந்தனர். நாற்பத்தோராம் நாள் காட்பாடியிலே புகையிரதம் ஏறினோம். இம்முறை சக்கர நாற்காலி வேண்டுமா என்று அவரைக் கேட்டேன். "வேணும்" என்றார்.

அடுத்த முறை மருந்து ஏற்ற இன்னும் சில நாட்களே உள்ளன. முதல் மருந்தின் பயன் எவ்வளவு என்பதை அதற்குமுன் எடுக்கும் இரத்தப் பரிசோதனையே சொல்லும். ஐம்பது வயதைக் கடந்த ஆடவர்களும் அவர்தம் மனைவியரும் இதனை வாசிப்பின், இரவில் எழுவதையும் இடுப்பு நோவையும் நாணத்தாலே மறைக்காது வைத்தியரிடம் சொல்லுமாறு வேண்டுகிறேன். வீட்டிலே நோயாளி உள்ளவர்கள், அவரிடம் கேட்கப்படும் வினாவுக்கு அவரையே விடை சொல்ல விடுங்கள்.

பெட்டி மீண்டும் கட்டியாகிவிட்டது. மிளகாய்த்தூள் இம்முறை இரண்டு போத்தல். கொப்பியை என் கணவர் தம் சட்டைப்பையிலே வைத்திருக்கிறார்.